நாவல் கன்றுக்கு அட்மிஷன் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். எங்கள் பள்ளியில் மன்றப் பொறுப்புகளைப் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தவர்கள் இலக்கிய மன்றம், கணித மன்றம், வினாடி வினா என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு யார் லீவோ, அவர் தலையில் சுற்றுச்சூழல் மன்றம் விழும். எனக்கு அன்று பல்வலி. பல்லைப் பிடுங்கிக்கொண்டு மறுநாள் வந்தால், வீங்கிய கன்னத்தோடு நான் இயற்கைக் காவலன் ஆகியிருந்தேன். எங்கள் வீட்டுத் துளசிகூட என் கையால் தண்ணீர் ஊற்றினால் வாடிவிடும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

மன்றத்தின் வேலை எளிது. மாதம் ஒரு போட்டோ. அதைத் தலைமையாசிரியை வாட்ஸ்அப்பில் மேலே அனுப்ப வேண்டும். "போட்டோ எடுத்தாச்சா சார்?" என்றுதான் கேட்பார். செடி நட்டாச்சா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. வளாகம் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்தாகிவிட்டது. மண் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வருகிற ஒரு பொருள்.

முதல் கூட்டத்தில், "வீட்டுல கன்னு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, ஸ்கூல்ல நடலாம்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். மறுநாளே ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பால் கவரை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு முழம்கூட இல்லாத நாவல் கன்று.

"போன வருஷம் பழம் சாப்ட்டு கொட்டைய போட்டேன் சார். எங்களது வாடகை வூடு. ஹவுஸ் ஓனர் தொட்டி வெச்சாலே கத்துறாரு. இங்க நட்டா மரமாயிடும்ல சார்?"

"ஆயிடும். மொத பழம் எனக்குத்தான்" என்றேன். அவள் அதைக் கையெழுத்துப் போட்ட பத்திரமாகவே எடுத்துக்கொண்டாள்.

மன்றத்தின் இருபது பேரும் கன்றைச் சுற்றி நிற்க, முதல் போட்டோ எடுத்தேன். கன்று பால் கவரோடு ஆய்வுக்கூட ஜன்னலுக்குப் போனது. ஜூலையில் அதே கன்று, வேறு சுவர். ஆகஸ்டில் கொடிக்கம்பத்தின் அருகே. செப்டம்பரில் நான் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஒருநாளும் லீவு போடாத ஒரே உறுப்பினர் அந்தக் கன்றுதான்.

அவள் தினமும் தன் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதற்கு ஊற்றுவாள். வாரம் ஒருமுறை கேட்பாள்: "எப்ப சார் நடுவோம்?"

"டிசி வாங்கிட்டு வரச் சொல்லும்மா, அட்மிஷன் போட்டுடலாம்" என்றேன் ஒருநாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். கைதட்டல் வாங்கிய ஜோக்கை விடுகிற ஆளா நான்? அவள் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். அவள் எப்போது சிரிப்பதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

நடுவதற்கு இடமே இல்லையா என்றால், இருந்தது. மோட்டார் அறையை ஒட்டி இரண்டு கற்களைப் பெயர்த்தால் போதும். கடப்பாரை வாட்ச்மேனிடம் இருந்தது. தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். பத்து நிமிட வேலை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஏப்ரல் வந்துவிட்டது.

கடைசி வேலை நாளில் அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். "லீவுல நான் எடுத்துட்டுப் போவட்டுமா சார்? ஹவுஸ் ஓனர் கண்ல படாம மாடிப்படிக்குக் கீழ வெச்சிக்கறேன்."

"வேணாம்மா, ஜூன் அஞ்சாம் தேதி சுற்றுச்சூழல் தின போட்டோவுக்கு வேணும். வாட்ச்மேன் தண்ணி ஊத்துவாரு."

வாட்ச்மேனிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். அந்த மே மாதம் முழுக்க, சிட்லபாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி, அந்தப் பள்ளி கேட்டைத் தாண்டித்தான் தினமும் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். கத்திரி வெயிலைத் திட்டுவேன், இரண்டு டீ குடிப்பேன், திரும்பி வருவேன். ஜன்னல் ஞாபகம் ஒருநாளும் வரவில்லை.

ஜூனில் கதவைத் திறந்தபோது கவரில் ஒரு குச்சி இருந்தது. தொட்டதும் ஒடிந்தது.

அவசரமாக நர்சரிக்குப் போய் ஒரு குரோட்டன்ஸ் வாங்கி வந்தேன். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, வழக்கம்போல ஒரு ஜோக்கும் தயார் செய்திருந்தேன். தேவைப்படவில்லை. எட்டாம் வகுப்புக்கு வந்து மன்றச் செயலாளர் ஆகியிருந்த அவள், குச்சியைப் பார்த்தாள். அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அதே பால் கவரில் குரோட்டன்ஸைச் செருகினாள். பிறகு சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தத் தொடங்கினாள்.

"ஏய், கவர் தெரியாம புடி. நீ குனிஞ்சிக்கோ, மண்வெட்டிய அவன் கைல குடு. எல்லாரும் செடியப் பாருங்க, சாரப் பாக்காதீங்க!"

அது அப்படியே என் குரல். என் ஏற்ற இறக்கம்.

போட்டோ முடிந்ததும் ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. "அக்கா, இத எப்பக்கா நடுவோம்?"

"டிசி வாங்கிட்டு வரச் சொல்லு, அட்மிஷன் போட்டுடலாம்" என்றாள் அவள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரையே சிரிக்க வைப்பதாகப் பெருமை அடித்துக்கொள்ளும் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் என்னைக் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மன்றம் என்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பள்ளி விட்டதும் வாட்ச்மேனிடம் கடப்பாரையை வாங்கினேன். இரண்டு கல்லைப் பெயர்ப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மணி பார்த்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட் அருகே ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவளைக் கூப்பிட்டு, "வாம்மா, உன் கையால நடு" என்றேன்.

அவள் குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. புரியாத குழப்பம்தான் இருந்தது.

"அதான் போட்டோ எடுத்தாச்சே சார்?"

ஷேர் ஆட்டோ வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள். நானே நட்டேன். எட்டாம் வகுப்பு முடித்து அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். என் கை பட்டும் அந்தக் குரோட்டன்ஸ் மட்டும் வெட்கமில்லாமல் கொழுத்து வளர்ந்து நிற்கிறது. தினமும் அதன் பக்கத்தில்தான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். இத்தனை வருடங்களில் நான் கற்றுக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் கற்றுக்கொண்ட மாணவி அவள் ஒருத்திதான். கற்றுக்கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.