நாற்காலியிலிருந்து பத்துத் தடவை

மாமி கீழே விழவில்லை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் விழுந்துவிட்டதாகத்தான் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவர் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தொட்டிலில் பிள்ளை அழுதிருக்கிறது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி அலசிவிட்டுத் திரும்பியபோது பிள்ளையின் குரல் கம்மிப்போயிருந்தது. மாமி இரண்டு கைகளையும் தரையில் ஊன்றியபடி என்னைப் பார்த்தார்.

"கால் வரல புள்ள" என்றார்.

என் பிரசவ விடுமுறை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குப் பிறகு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்தும்போது பிள்ளை மாமியிடம்தான் இருக்க வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் மாமியின் மகனிடம், என் கணவரிடம், போனில் சொன்னேன். "வயசாச்சுல்ல, பாத்துக்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கலாம்.

மாமி பருமனானவர். அதனால் பலமானவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிங்கள மிஸ் மாமியின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மாக்குக் கொழுப்பு கூட. சதை இல்லே. வீட்டிலே என்ன வேலை செய்றது?"

"ஒண்ணும் செய்ய விடமாட்டேன் மிஸ். எல்லாம் நான்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் அந்தப் பெருமை போய்விட்டது.

எங்கள் லயத்தில் மாமியார் வாளி தூக்கினால் மருமகளைத்தான் பேசுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே தண்ணீர், விறகு, துணி என்று எல்லா வேலையையும் நான் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர், அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்யும் வேலைகளை மட்டுமே செய்தார். உடம்பு பெருத்தபோது நானாகச் சோற்றைக் குறைத்தேன். அது இன்னும் தப்பு என்றார் மிஸ். வெறுமனே சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு சதையும் போய்விடுமாம். முட்டை, பருப்பு கொடுக்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்க வேண்டும். முடிகிற அளவுக்குத்தான், ஆனால் விடாமல்.

முதல் நாள் நான்குக்கு மேல் மாமியால் முடியவில்லை.

"மலையில கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனது போதாதுன்னு, இப்ப வூட்டுலயும் ஒரு கங்காணி" என்றார் மூச்சு வாங்க.

"அஞ்சு, மாமி."

"எண்ணாத. எண்ணுனா கால் கனக்குது."

அடுத்த வீட்டு அக்கா இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னா டீச்சர், காலையிலயே மாமியாருக்குப் பெரட்டா?" என்றார், விடியலில் ஆள் எண்ணி மலைக்கு அனுப்பும் பெரட்டைச் சொல்லி. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டோம். பீலியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றது. ஒருவேளை நானாக அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ. எதற்கும் பிந்திப் போய்த் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினேன். மாமிக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது, நிறுத்திவிட்டால் பிள்ளையை யார் தூக்குவது என்று இரண்டு பக்கமும் பயந்தேன். சொல்லிக்கொள்ள ஆளில்லை. பிள்ளையிடம் சொன்னேன். அது என் வாயைப் பிடிக்கப் பார்த்தது.

நான்கு ஏழாகி, ஏழு பத்தாக ஐந்து வாரம் ஆயிற்று.

விடுமுறையின் கடைசி வாரத்தில், தரையில் உட்கார்ந்து பார்ப்போமா என்று கேட்டேன். மாமி கட்டிலைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். எழும்போது என் கை தானாக நீண்டது.

"கைய எடு. நீ அங்கிட்டுப் போ."

போனேன். அவர் ஒரு பக்கமாகத் திரும்பி, முழங்கால் போட்டு, ஒரு பாதத்தை ஊன்றினார். கட்டில் விளிம்பில் கை வைத்தார். முதல் தடவை இடுப்பு பாதி தூரம் வந்து திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். இரண்டாவது தடவை எழுந்து நின்றுவிட்டார். சேலையைச் சரிசெய்தார், தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினார், என் கையில் கொடுத்தார்.

"மேல் லயத்துக்குப் போயிட்டு வாறேன். அவள பாத்து எம்புட்டு மாசமாச்சு."

மேல் லயத்தில் அவரோடு கொழுந்து எடுத்த சிநேகிதி இருக்கிறார். படிகளில் நின்று நின்று ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் மேலே இரண்டு கிழவிகளும் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. நானும் வரட்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். பிள்ளைக்குக் குல்லா போட்டுவிட்டு வாசல்வரை வந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று உள்ளே வந்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்து மடிப்பு வைத்தேன்.