பட்டியலின் கடைசி வரியில் எங்கள் ஊர்

அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை ‘மெம்பர்’ என்றே அறிவீர்கள். ‘அண்ணா’ என்று கூப்பிட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த உரிமையில் எழுதுகிறேன். புகழை மட்டும் எழுதினால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். ஆகவே அவர் செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன். தப்பு அவருடையது, பேனா பிடித்த கை என்னுடையது.

கோலியனூருக்கு மூன்று மைல் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய சேரியில் அண்ணன் பிறந்தார். அப்பா படியாள். கூலி நெல்லாகவும் வரும், கேப்பையாகவும் வரும், சில நாள் வராமலும் போகும். அண்ணன் விழுப்புரத்துப் பாதிரியார் பள்ளிக்கு நடந்தே போய் எட்டாவது வரை படித்தார், பிறகு சேரிப் பிள்ளைகளுக்கு வாத்தியாரானார். என்னையும் படிக்க வைத்தார். இன்று நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் அது அவர் பட்டினி கிடந்து கட்டிய பள்ளிச் சம்பளத்தின் பலன்.

எங்கள் சேரிக்குக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றில் நாங்கள் கயிறு போடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் மாடு இறங்கும் ஏரித் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரால் வந்த வாந்திபேதியில் அண்ணி போய்ச் சேர்ந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அண்ணன் மறுபடி பெண் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை.

முப்பத்தேழாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் எங்கள் ஜனங்களுக்கென்று இந்தப் பக்கம் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதற்குப் படித்த ஆள் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் மோட்டாரில் தேடி வந்தார்கள். அண்ணன் யோசித்தார். அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டார்: “மெம்பரா ஆனா இன்னாடா கெடைக்கும்?”

“கெணறு கெடைக்கும்மா.”

“அப்ப நில்லு.”

அவ்வளவுதான், வேட்பாளர் தேர்வு முடிந்தது.

அந்த நாளில் வரி கட்டுகிறவனுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும்தான் ஓட்டு. எங்கள் சேரி முழுக்க ஓட்டு இருந்தது அண்ணன் ஒருவருக்கு மட்டுமே. யாருக்காக நின்றாரோ அவர்களில் ஒருவரும் அவருக்குப் போட முடியாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள், அண்ணனுடையது பச்சை. அம்மாவை உள்ளே விடவில்லை. அவர் சாவடிக்கு வெளியே வேலிக்காலோரம் வெயிலில் நின்று, போகிற வருகிற மிராசுதார்களிடமெல்லாம், “பச்சைங்க சாமி, பச்சைங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்த அண்ணன், “எம்மா, எனக்கே வெக்கமா கீது, வா போலாம்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

ஜெயித்தார். சேரியில் மேளம் கொட்டினார்கள். மறுவாரம் ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். “வாய்யா மெம்பரு” என்று வாய் நிறையச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பினார்.

பட்டணத்தில் ஓர் அறை எடுத்துத் தாமே பொங்கிச் சாப்பிட்டார். அங்கிருந்து எனக்கு எழுதிய ஒரு கடிதத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். “இங்கே எல்லோரும் என்னை ஐயா என்கிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. கூட்டம் முடிந்ததும் அவரவர் அவரவர் ஆட்களோடு போய்விடுகிறார்கள். நான் கடற்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அறைக்கு வருகிறேன்.”

இனி அந்தத் தப்பு. சேரிகளில் கிணறு வெட்ட உத்தரவாயிற்று. முதலில் எந்த ஊர், அடுத்து எந்த ஊர் என்று வரிசைப்படி எழுதித் தரும்படி கடலூர்க் கலெக்டர் கச்சேரியிலிருந்து மெம்பரைக் கேட்டார்கள். அண்ணனின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும் என்பதால் எழுதும் வேலை எப்போதும் எனக்குத்தான். திண்டிவனத்தில் என் அறையில் உட்கார்ந்து எழுதினோம். கேட்காமலே எங்கள் ஊரை முதல் வரியில் எழுதினேன்.

“அத அடி” என்றார்.

“ஏண்ணா? அம்மா இன்னும் குடத்தத் தூக்கினு நிக்குது.”

“சபைக்கு மொத மொதல்ல போன நம்ம ஆளு ஒருத்தன், அவனும் தன் ஊட்டுக்குத்தான் பாத்துக்கினான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. அக்கரைச் சேரிய மொதல்ல எழுது. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊருங்கள எழுது. நம்மளுத கடைசியா வரட்டும். எங்க ஓடிப் போவுது?”

வேறு தாள் எடுத்து எழுதினேன். எங்கள் ஊர் கடைசி வரிக்குப் போயிற்று. அண்ணியை அவருக்கு ஒரு வார்த்தை நினைவுபடுத்தியிருக்கலாம். மெம்பராயிற்றே என்று மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஏரிக்கு எதிர்ப்புறம் இருக்கும் அக்கரைச் சேரியில் தண்ணீர் வந்தது. இன்னும் சில ஊர்களிலும் வந்தது. அதற்குள் யுத்தம் மூண்டது, மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள், சபை கூடுவதே நின்றுபோயிற்று. பட்டியல் பாதியில் நின்றது. கடைசி வரியை யாரும் எட்டவில்லை. அண்ணன் கடலூருக்கு நடையாய் நடந்தார். “சபையே இல்லையே, மெம்பர் ஏது?” என்று அங்கே ஒரு குமாஸ்தா கேட்டாராம்.

ஊருக்குத் திரும்பி வந்தவரை வரவேற்றது அம்மாவின் வாய்தான். “தனக்கு மிஞ்சினாத்தான்டா தானம். ஊருக்கெல்லாம் கெணறு, பெத்தவளுக்கு ஏரிச் சேறா?” மற்றவர்கள் அந்த அளவுகூடப் பேசவில்லை. அண்ணன் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள். அவரிடம் படித்த பிள்ளைகள்கூட வேறு சந்தில் திரும்பிப் போனார்கள். அக்கரைச் சேரிக் கிணறு இரண்டு மைல்தான். ஆனாலும் ரோஷத்தில் எங்கள் பெண்கள் ஒருவர்கூட அங்கே போய்க் குடம் நீட்டவில்லை.

நாற்பத்தாறில் அண்ணன் மறுபடியும் நின்றார். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு இம்முறை ஓட்டு இருந்தது. எங்கள் சேரியில் முதல் முதலாக நாலைந்து பேருக்கு ஓட்டு. அண்ணன் அகமகிழ்ந்து போனார். அவர்கள் எல்லோருமே வேறு பெட்டியில் போட்டார்கள், அண்ணன் தோற்றார். அதில் ஒருவன் மறைக்காமல் வந்து சொன்னான்: “ஒங்க மேல கோவம் இல்ல மெம்பரே. பர்மாவுல தாகத்துக்குத் தண்ணி குடுத்தான் எவனெவனோ. இங்க வந்தா எங்க அம்மா குடத்த வச்சிக்கினு நிக்குது. எப்படி மெம்பரே போடறது?”

“செரியாத்தான் போட்டிருக்கீங்க” என்றார் அண்ணன். அவனுக்குக் காப்பித் தண்ணி வைத்துக் கொடுத்தார். அவன் போன பிறகு வெகுநேரம் ஏரியைப் பார்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வருஷம் யாரும் வராத வீட்டில் அம்மாவோடு இருந்தார். நெஞ்சு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சென்ற சித்திரையில் ஒரு காலைப் பொழுதில், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அம்மா தலைமாட்டில் தனியே உட்கார்ந்திருந்தார். ஏரி வறண்டிருந்தது. குளிப்பாட்ட வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றை நோக்கி நடந்தேன். அண்ணனுக்காக அங்கே எட்டி நின்று கையேந்த வேண்டும்.

அப்போதுதான் கரைமேல் அவர்கள் வந்தார்கள். அக்கரைச் சேரிப் பெண்கள், வரிசையாக, ஒவ்வொருவர் தலையிலும் ஒரு குடம். முன்னால் வந்தவர் என் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். “நீ எங்கம்மா போற? மெம்பரு கெணத்துத் தண்ணி இருக்கும்போது அவர வேற தண்ணியிலயா குளிப்பாட்டறது?”

குளிப்பாட்டிய பிறகு ஒரு குடம் மிஞ்சியது. எங்கள் சேரிப் பெண்கள் தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்திருந்தார்கள். அம்மா அந்தக் குடத்தைக் காட்டி, “குடிங்கடி, எம்புள்ள வெட்டுனதுதான்” என்றார். ஒருத்தி குடித்தாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள், அழுதார்கள். எல்லாம் சரிதான். அண்ணன் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு மைல் தண்ணீர் சுமந்த அந்தத் தாய்மார்களுக்கும், தோள் கொடுத்த அக்கரைச் சேரி ஆண்களுக்கும், பாடை கட்டியதோடு கடைசி வரை சுடுகாட்டில் நின்ற அந்தச் சிப்பாய்த் தம்பிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கோபம் இருந்தும் வந்த எங்கள் சேரி ஜனங்களுக்கும் என் வணக்கம். உங்கள் கோபம் நியாயமானது.

இனி வயது வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அம்மாவும் இனி உள்ளே போகலாம். எங்கள் சேரிக்கு இன்னும் கிணறு வரவில்லை. நேற்று உட்கார்ந்து புது மனு ஒன்று எழுதினேன். தண்ணீரில்லாத ஊர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் ஊரை முதல் வரியில் எழுதிவிட்டேன்.

கோவிச்சிக்காத அண்ணா.