நான் கேட்ட தனிக் கிண்ணம்

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேணில் நோபல் பார்க்கில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் கந்தோரில் கிளாக்காக இருந்து எழுதியவனுக்கு இங்கே கிடைத்தது இரும்புத் தொழிற்சாலை வேலை. சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக்காரர் ஒருவரும் என் மேசைக்கு வரமாட்டார்கள். வந்து இருந்த ஒரே ஆள் ஒரு துருக்கிக்காரன். மெஷினுக்குள் போகவிருந்த என் கையை ஒருமுறை இழுத்துக் காப்பாற்றியவனும் அவன்தான். தன் பாண் ரொட்டியைப் பிய்த்து, கேளாமலே பாதியை என் பக்கம் தள்ளுவான். அவனை விட்டால் எனக்கு அந்த நாட்டில் வேறு சிநேகிதன் இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். மனைவிக்கு வேலை, நான் மட்டும் போனேன். தரையில் துணி விரித்து, நடுவில் பெரிய வட்டத் தட்டத்தில் ஒரு சட்டி வைத்திருந்தார்கள். வாசலுக்கு ஆகத் தூரத்தில் உள்ள இடம்தான் அவர்களிடம் மரியாதையான இடமாம். அதில் இருந்த அவனுடைய தகப்பன் எழும்பி, என்னை அங்கே இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார். நான் மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்பதால் அன்றைக்கு எல்லாருக்குமே பருப்புச் சூப்தான். பெரியவர் தொடங்கும்வரை சின்னப் பிள்ளைகள்கூடக் கரண்டியைத் தொடவில்லை.

பெரியவர் ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்த அதே கரண்டியைத் திரும்பவும் சட்டிக்குள் விட்டார். பிறகு எல்லாரும் அப்படியே. அத்தனை பேருக்கும் ஒரே சட்டி! எச்சில் எச்சில் என்று வளர்ந்தவன் நான். தனியாக ஒரு கிண்ணம் தரமுடியுமா என்று கேட்டுவிட்டேன்.

கரண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. சிநேகிதனின் மனைவி போய்க் கிண்ணம் எடுத்துவந்தாள். பெரியவர் மகனிடம் ஏதோ கேட்டார். அவன் குனிந்தபடியே ஏதோ சொன்னான். உடனே பெரியவரின் முகம் இளகியது. என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அப்பாடா, கோபமில்லை என்று நானும் வயிறு நிறையக் குடித்தேன். மடையன்!

பின்னேரம் வேலையால் வந்த மனைவியிடம் சொன்னேன். அவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"உங்கட வீட்டுப் பேணியை இஞ்சையும் கொண்டு வந்திட்டியள், என்ன?"

ஊரில் எங்கள் வளவில் வேலைசெய்ய வரும் குறைந்த சாதிக்காரருக்கு, வேலியோரம் கவிழ்த்துவைத்த தனித் தகரப் பேணியில்தான் தேத்தண்ணி ஊற்றுவோம். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரம். சிநேகிதன் ஒரு போத்தலை என் முன்னால் வைத்தான். கருஞ்சீரகம் போட்ட தேன்.

"அப்பா மருந்தெண்டு தந்துவிட்டவர். ஏன் தனிக் கிண்ணம் எண்டு கேட்டார். அப்பா தன்ர வீட்டில அவமானப்படக் கூடாதெண்டு, உனக்குத் தொத்து நோய், எங்களுக்கு வந்திடும் எண்டு பயந்துதான் கேட்டனி எண்டு பொய் சொல்லிப்போட்டன். பாவம், உனக்காகத் தொழுகிறார்."

அரைகுறை ஆங்கிலத்தில் அவ்வளவுதான் சொன்னான். பாணை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான், ஆனால் என் மேசைக்குத் திரும்பி வரவேயில்லை. அங்கே வேலைசெய்த மிச்ச வருடங்கள் முழுக்கத் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

அந்தத் தேனை நான் தொடவில்லை. தொட எனக்கு என்ன தகுதி? ஆனால் பெரியவர் நம்பியது பொய்யில்லை என்று இப்போது தெரிகிறது: எனக்கு நோய் இருந்தது, தலைமுறை தலைமுறையாகத் தொற்றிவந்த நோய், அதற்காக உலகத்தில் ஒருவராவது தொழுதிருக்கிறார்.