சந்தேகத்துக்குரிய நபர்

கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பாதுகாப்புக் குழு அமைந்தபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் சட்டம் போட்டவள் நான்தான். யாரைப் பார்த்துச் சந்தேகம் வந்தாலும் முதலில் படம், பிறகுதான் கேள்வி. 'சந்தேகத்துக்குரிய நபர்' என்று தலைப்புப் போட்டு வாட்ஸப் குழுவில் அனுப்பிவிட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வந்த பெண் எஸ்.ஐ., ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களையும், ஆற்றோரத்திலிருந்து வந்து இஸ்திரி வண்டி போடும் பெண்ணையும் சேர்க்கச் சொன்னார்.

"அவங்க எதுக்கு?" என்றேன்.

"நாள் முழுக்கத் தெருவுல நிக்கிறது அவங்கதானே மேடம்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சேர்த்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று என் வீட்டில் இருந்தது. ஒரு வருடமாக என் கணவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. "சாப்பிட்டுத் தூங்குங்க, வெளியே போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, தேனாம்பேட்டைக்கு வேலைக்குப் போய்விடுவேன். தெரிந்தால் நாலு பேர் பாவம் பார்ப்பார்களே என்ற வீம்பு எனக்கு.

ஒரு மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது குழுவில் படம் வந்தது. அடுத்த பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்தவர் மாடியிலிருந்து எடுத்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் அவர்கள் கேட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. 'உடனே ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்' என்று தட்டினேன்.

இஸ்திரி வண்டிப் பெண்ணுக்கு எழுத வராது. குரலில்தான் பதில் சொல்லுவாள்.

"இன்னா சந்தேகம்? நம்ம சாரு அது. நீலக் கட்டம் போட்ட சட்ட, நான் தேச்சது. யாரும் கத்தாதீங்கோ, நான் போய் இட்டுகினு வரேன்."

படத்தை மறுபடி பார்த்தேன். என் கணவர்தான். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள், அவர்மேல் போலீஸைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன். அவர் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கே அடையாளம் தெரியலையேம்மா" என்றேன் இஸ்திரிப் பெண்ணிடம்.

"வுடுக்கா. உனுக்கு அவரு மூஞ்சி தெரியும், எனுக்கு சட்ட தெரியும்."

"இவருக்கு வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. தெனிக்கும் நீ அப்பால போனதும் எறங்கிடுவாரு. நானோ ஆட்டோ அண்ணனோ வூட்டாண்ட கொண்டாந்து வுட்டுடுவோம். இன்னிக்கு இஸ்திரிப் பொட்டிக்கு கரி வாங்கப் போய்ட்டேன், அதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

சட்டை ஒன்றை உதறிப் பலகையில் விரித்தாள்.

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தோம்க்கா."