உஷாராணி பக்கம் மாறினாள்

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மொபைல் கடையில் உஷாராணி ஏழு வருஷம் ஆண்ட்ராய்டு போன் விற்றாள். எதிர் மேசையில் ஐபோன் விற்றவன் தனசேகர். இரண்டு பேருக்கும் தினமும் வாய்ச்சண்டைதான். "அது கல்யாணத்துக்குக் கையில புடிச்சுட்டுப் போறதுக்குங்க. நம்மளுக்கு இது போதும்" என்று அவள் சொன்னால், தனசேகர் பக்கம் நகர்ந்த ஆளும் திரும்பி வந்துவிடுவார். அவள் வியாபாரத்துக்காக அப்படிச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினாள். விற்ற பிறகும் விடமாட்டாள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பாள், கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லித் தருவாள்.

மல்லசமுத்திரத்துப் பெரியநாயகி அவளிடம் மட்டும்தான் போன் வாங்குவாள். தன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் அவளிடமே கூட்டி வந்தாள். பெரியநாயகியின் புருஷன் மருதாசலம் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே பல வருஷம் அலைந்தவர். தொண்டையில் புற்று வந்து ஆபரேஷன் செய்ததில் அவருக்குப் பேச்சு போய்விட்டது.

போன வருஷம் தனசேகர் வேறு கடைக்குப் போனான். முதலாளி காளியண்ணன் உஷாராணியைக் கூப்பிட்டு, "உங்கிட்ட வர்றவங்க போனைப் பாத்து வர்றதில்ல, உன்னைப் பாத்து வர்றாங்க. ஐபோன் பக்கம் நில்லு, அவங்களும் வருவாங்க" என்றார். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். மறுநாளே மேசை மாறினாள்.

ஆடித் தள்ளுபடியில் பெரியநாயகி வந்தாள். பெங்களூரில் இருக்கும் மகள் வித்யா, அம்மாவும் ஐபோன் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம்.

"நீ சொல்லு கண்ணு, மாத்தட்டுமா?"

"தாராளமா மாத்துங்கக்கா."

"இதுல இருக்கறதெல்லாம் அதுல வந்துருமா?"

"எல்லாம் வந்துருங்க."

போட்டோ வந்தது, நம்பர்கள் வந்தன. வாட்ஸ்அப்பில் இருப்பதைத் தனியாக மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு போனையும் சார்ஜில் போட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பின்னால் கூட்டம் நெருக்கியது. உஷாராணி அந்த வேலையை விட்டுவிட்டாள். பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்து, எக்ஸ்சேஞ்சில் வந்த மற்ற போன்களோடு போட்டாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே பெரியநாயகியும் மருதாசலமும் வாசலில் நின்றார்கள்.

"அவரு பேசுனதையெல்லாம் காணோம் கண்ணு."

"என்ன பேச்சுங்கக்கா?"

"ரிக்குல இருக்கறப்ப வாட்ஸ்அப்புல பேசி அனுப்புவாரு. சாப்ட்டியா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னு. தெனமும் போட்டுக் கேப்பேன். அவரும் பக்கத்துல உக்காந்து கேப்பாரு. அவரோட அந்தப் போனு எப்பவோ போயிருச்சு."

"அதை அழிச்சாச்சுங்கக்கா. நாந்தான் அழிச்சேன்."

பெரியநாயகி சத்தம் போடவில்லை. "ஐபோனு ஆவாதுன்னு ஏழு வருசம் சொன்னதும் நீதான். ஆவும்னு சொன்னதும் நீதான். ரெண்டையும் நம்புனேன். அழிக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

மருதாசலம் பெரியநாயகியின் தோளைத் தொட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் உஷாராணி வருகிறவர்களிடமெல்லாம், "இதுல யாரோட பேச்சாவது பத்திரமா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கேட்டவர்கள் தயங்கினார்கள். "ரோசன பண்ணிட்டு வாரோம்" என்று போனார்கள், வரவில்லை. "நீ விக்கறியா, விசாரிக்கறியா?" என்றார் காளியண்ணன். ஒரு மாசம் கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

பெரியநாயகியின் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட அந்தக் கடைப்படி மிதிக்கவில்லை. இப்போது தனசேகரிடம் போகிறார்கள். புதுக் கடையில் அவன் விற்பது ஆண்ட்ராய்டு. உஷாராணி பேசிய அதே பேச்சைப் பேசுகிறான் என்று கேள்வி.

தை மாசத்தில் ஒரு சாயங்காலம், சேலம் பஸ்ஸின் ஜன்னலோரம் பெரியநாயகியும் மருதாசலமும் உட்கார்ந்திருப்பதை உஷாராணி பார்த்தாள். பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருதாசலம் மட்டும், நல்லா இருக்கியா என்று கையால் கேட்டார். உஷாராணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பெரியநாயகி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.