சகனுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டுச் சகனைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். நெயில் பாலிஷால் வைத்தது. வட்டமாகக்கூட இருக்காது, ஒரு பக்கம் வழிந்து வால் முளைத்த மாதிரி இருக்கும். பாத்திரம் கழுவ வருகிற பெண் ஒருநாள் அதை ஏதோ கறை என்று நினைத்து இரும்பு நாரால் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். சகன் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் அதில்தான். அந்தப் பொட்டு யார் வைத்தது என்று சொல்ல வேண்டுமானால் என் மைனியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மைனி என் அண்ணனின் மனைவி. கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். எங்கள் வீடு அப்போது வாப்பாவின் தோல் பட்டறைக்கு மேலே இருந்தது. கீழே பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற மெஷின் சத்தம், மேலே நாங்கள். இரும்புப் படி ஒன்றில் ஏறி வர வேண்டும். மைனியின் ஊரில் மூன்று வேளையும் சோறு, இட்லி, இடியாப்பம். பம்பாய் வீட்டிலோ காலையில் பாவு ரொட்டி, இரவில் சப்பாத்தி, நடுவில் டீயோடு கைக்குக் கிடைத்த டோஸ்ட். ஒரு வருஷத்துக்குள் அவள் துரும்பாகிப் போனாள். எதைத் தின்றாலும் வயிறு உப்பிக்கொள்ளும், ஓயாமல் பேதி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஊர்க்காரிகள் வந்து பார்த்துவிட்டுக் கண்ணேறு என்றார்கள், வேறு என்னவெல்லாமோ சொன்னார்கள். கடைசியில் அண்ணன் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், ரத்தம் எடுத்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. டாக்டர் இந்தியில் சொன்னாராம், "கேஹூ பந்த். ஜிந்தகி பர்." கோதுமையை விட்டுவிட வேண்டும், ஆயுசு முழுக்க.

உம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "கோதும ஆகாதா? கோதுமன்னா என்ன, பாம்பா தேளா?" என்று கேட்டாள். உலகத்தில் பாதிப் பேர் தின்கிற சாமானை ஒரு மனுஷி உடம்பு ஒத்துக்கொள்ளாது என்பது உம்மாவுக்குச் செல்லம் கொஞ்சுகிற மாதிரிப் பட்டது. சப்பாத்தியை நிறுத்தினால் போதாது, ஒரு பொடி விழுந்தாலும் ஆகாது என்று மைனி விளக்கினாள். அதற்காகத் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தோசைக்கல், ஒரு சல்லடை, ஒரு மிக்ஸி ஜாடி வாங்கினாள். மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். அங்கேதான் வெடித்தது. நெயில் பாலிஷ் போட்டால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு செல்லாது, தொழுகை கூடாது என்று அந்தச் சாமானையே வாசலுக்குள் விடாதவள் உம்மா. எனக்குப் பதினாறு வயதில் யாரோ கொடுத்த குப்பியைப் பறித்துச் சாக்கடையில் போட்டவள். "தொழுவுற வீட்டுக்குள்ள இது என்னத்துக்கு? அதுவும் தனித்தனியா அடையாளம்! எங்க கை என்ன நஜீஸா, தொட்டாத் தீட்டா?" என்று நாள் முழுக்கப் பொருமினாள். மைனி குப்பியை ஒளித்து வைக்கவில்லை. அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். அந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டுகூட அவள் நகத்துக்குப் போனதில்லை.

ஆனால் ஒன்று அவளுக்குப் பெரிய வலியாக இருந்தது. விருந்து நாட்களில் சகனில் உட்கார முடியாமல் போயிற்று. பரோட்டாவோ நானோ கிழித்த நாலு கையும் ஒரே சோற்றில் விழும்போது அவள் எப்படிக் கைவைப்பாள்? பெருநாளன்று நாங்கள் எல்லாம் சிரித்துப் பேசி ஒருவர் பக்கம் ஒருவர் கறியைத் தள்ளிக்கொண்டிருக்க, அவள் அடுக்களை நிலையோரம் தன் பொட்டு வைத்த தட்டோடு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது வேறு கதை சொன்னது. புருஷன் வீட்டாரோடு ஒட்டாதவள் என்றார்கள். தொத்து வியாதி என்றுகூட ஒருத்தி கிசுகிசுத்தாள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தாணேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொந்த ஃபிளாட், ஒரே மகன், ஆள் பார்க்கவும் நன்றாக இருந்தான். பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளையின் உம்மா விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் உம்மா மைனியைக் கூப்பிட்டாள்.

"இந்தா பாரு, நாளைக்கி அவங்க வாராவ. நீ தனித்தட்டோட ஓரமா இருந்தா என்ன ஏதுன்னு கேப்பாவ. நோன்பு புடிச்சிருக்கேன்னு சொல்லிரு. கத முடிஞ்சிது."

மைனி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். "நோன்பு புடிச்சா அல்லாவுக்காகப் புடிப்பேன் மாமி. தாணேக்காரங்களுக்காகப் புடிக்க மாட்டேன். நாளைக்கி நானும் சகன்லதான் உக்காருவேன். நான் திங்கிற மாதிரிச் சோத்த ஆக்குவோம். கோலா உருண்ட நான் செய்யுதேன். தின்னு பாத்துட்டு யாருக்காவது கொறை தெரிஞ்சா, பொறவு எந்திரிச்சுப் போறேன்."

கோலா உருண்டை எங்கள் வீட்டில் பேர்போன அயிட்டம். ஆனால் பம்பாய்க்கு வந்த பிறகு உம்மா அதில் ஊறவைத்துப் பிழிந்த பாவைச் சேர்த்துத்தான் பிசைவாள். மிருதுவாக வரும், கறியும் கட்டுபடியாகும். மைனியின் ஊர்ப் பக்கத்தில் பொட்டுக்கடலைப் பொடிதான். உருண்டை எண்ணெயில் பிரியாமல் இருக்கக் கீமா என்கிற கொத்துக்கறியில் ஈரம் இருக்கக் கூடாது, வெங்காயத்தை வதக்கி ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும், பொடி கூடினால் கல்லாகிவிடும், குறைந்தால் கரைந்துவிடும். இவ்வளவும் எனக்கு அன்றைக்குத் தெரிந்ததுதான்.

ஞாயிறு காலை மைனி குளித்துவிட்டு வருவதற்குள் உம்மா கறியைப் பிசைந்து முடித்திருந்தாள். எனக்கே ஆச்சரியம். பாவு போடவில்லை, மருமகள் சொன்ன மாதிரியே பொட்டுக்கடலைதான். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. மைனி மீதமிருந்த பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். ரவைகூட இல்லாமல் பவுடர் மாதிரி இருந்தது.

"எங்க அரைச்சிய மாமி?"

"சக்கியிலதான். மிக்ஸியில போட்டாக் கொறகொறன்னு இருக்கும். வாரவங்களுக்கு நல்லா இருக்கணும்லா? வெடியவே நானே போயி நின்னு அரைச்சிட்டு வந்தேன்."

தெருமுனையில் இருந்த மாவு மில்லைத்தான் சக்கி என்போம். நாள் முழுக்க அந்தக் கல்லில் கோதுமைதான் ஓடும். உம்மாவின் பொட்டுக்கடலைக்கு முன்னால் எத்தனை வீட்டுக் கோதுமை அதில் அரைபட்டதோ. மைனி அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. உம்மா பாவம், அவளுக்காக முதல்தடவையாக மெனக்கெட்டவள், அதுவே விஷமாகிப் போனதே என்று எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கம் வந்தது. உம்மாவுக்கு விளங்கியதும் கோபம்தான் வந்தது.

"கல்லுல ஒட்டுன ஒரு துளி மாவுக்கா இம்புட்டு?"

"ஒரு துளிதான் மாமி. என் வயித்துக்குள்ள போனா அது ஒரு வாரம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிசைந்த கறியை அப்படியே கீழே பட்டறைப் பையன்மாருக்குப் பொரித்துக் கொடுக்கச் சொன்னாள். அவர்கள் அன்றைக்குப் பெருநாள் கொண்டாடினார்கள். அண்ணனைக் கறிக்கடைக்கு விரட்டினாள். புதுக் கீமா வந்தது. தன் பொட்டு வைத்த மிக்ஸி ஜாடியில் பொட்டுக்கடலையை அரைத்து, தன் சல்லடையில் இரண்டு தரம் சலித்தாள். தேங்காய், சோம்பு, கசகசா, பச்சை மிளகாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிசைந்தாள். நான் உருட்டினேன். புது எண்ணெயில் முதல் உருண்டையைப் போட்டபோது மூன்று பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிரியவில்லை. உம்மாகூட மூச்சை விட்டதைக் கேட்டேன். சகனையும் மைனி தானே சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

விருந்தில் நெய்ச்சோறு, தால்ச்சா, நடுவில் உருண்டை. சகனைச் சுற்றி மாப்பிள்ளையின் உம்மா, என் உம்மா, மைனி, நான். வந்த அம்மா ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "பஞ்சு மாதிரி இருக்கே! எம்புட்டுப் பாவு போட்டிய?" உம்மா வாயைத் திறப்பதற்குள் மைனி, "பாவே போடல பெரியம்மா" என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் அந்த அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வழியில் வாங்கிய கறி சமோசா. உரிமையோடு உடைத்துச் சகன் நடுவில் வைக்கப் போனாள்.

மைனி தன் இடது கையைச் சகனுக்கு மேலே குறுக்கே நீட்டினாள்.

"பெரியம்மா, இதுல போடாதிய. எனக்குக் கோதும ஆகாது. வயித்து நோவு. தொத்து இல்ல, ஒட்டு இல்ல, ஒங்களுக்கு ஒண்ணும் வராது. சமோசாவ அந்தத் தட்டுல வைங்க, எல்லாரும் பொறவு திங்கட்டும்."

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. அந்த அம்மாவின் முகம் மாறியது. சகனிலிருந்து மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள். போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்து கை கழுவினாள். அரைச் சகன் சோறு அப்படியே கிடந்தது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு உருண்டையை எடுத்து மைனி பக்கம் தள்ளினேன். அவள் அதை எடுத்துத் தின்றாள். நானும் தின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டு நாள் உம்மா பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தரகர் ஃபோன் செய்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு சின்ன விஷயமாம். கல்யாண விருந்தில் அந்த மருமகள் சொந்தக்காரர்களோடு சகனில் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதுமாம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மைனி அப்போது அடுக்களையில் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நான் உம்மாவின் வாயைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"அந்த அம்மாட்டச் சொல்லுங்க" என்றாள் உம்மா, ஃபோன் தேவையே இல்லாத அளவுக்கு உரக்க. "எங்க வூட்டுச் சகன்ல இனி மொதக் கை என் மருமவ கைதான். அவ கை வச்ச பொறவுதான் மத்தவங்க கை. சரின்னு பட்டா வரட்டும். இல்லன்னா அவங்கவங்க வூட்டுலயே தின்னட்டும்."

ஃபோனை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குப் போனாள். உப்பு ஜாடிக்குப் பக்கத்திலிருந்த குப்பியை எடுத்தாள். ஆயுசில் தொட்டறியாத சாமான், எப்படித் திறப்பது என்றுகூடத் தெரியவில்லை. மைனி எழுந்து வந்து திறந்து கொடுத்தாள். சகனைக் கவிழ்த்து மடியில் வைத்து உம்மா பொட்டு வைத்தாள். பழக்கமில்லாத கை, ஒரு பக்கம் வழிந்தது, பாதி அவள் கட்டைவிரல் நகத்திலேயே அப்பிக்கொண்டது. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரம். உம்மா கத்தியை வைத்து நகத்தைச் சுரண்டிச் சுரண்டி, என்னையும் மைனியையும் அந்தக் குப்பியையும் சேர்த்து ஏசினாள். மைனி சிரித்தாள், அழுதாள், உம்மாவின் கையைப் பிடித்துச் சுரண்டிவிட்டாள். தாணேச் சம்பந்தம் போயிற்று. போகட்டும்.

உம்மா மவுத்தான பிறகு சகன் என்னிடம் வந்தது. எனக்கு வடாலாவில் மாப்பிள்ளை அமைந்து, இப்போது செம்பூரில் இருக்கிறோம். இங்கே பெரிய கடைகளில் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று பச்சைச் சீட்டு ஒட்டிப் பொட்டுக்கடலையைக்கூட விற்கிறார்கள். மைனியிடம் காட்டினால், "நாம அன்னைக்கே தின்னதுக்கு இப்பதான் பேரு வச்சிருக்கான்" என்பாள். இப்போது அவள் இருக்கிற டோம்பிவிலியிலிருந்து ரயிலில் இடிபட்டு வந்தாலும் விருந்து என்றால் தவறமாட்டாள். பொட்டு மங்கும்போதெல்லாம் நான் அதன் மேலேயே பூசுகிறேன், வாலோடு சேர்த்து.

போன வாரம் வீட்டில் விருந்து. கோலா உருண்டை பொரித்துக் குவித்திருந்தேன். என் கணவரின் தங்கை பேக்கரியிலிருந்து சூடாகப் பாவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல பெண்தான், மனதில் ஒன்றும் இல்லை. மைனி சகனைக் கவிழ்த்துப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாத்தனார் என் காதருகே வந்து சொன்னாள், "அவங்களுக்கு அலக்கா, தனியா ஒரு தட்டு வச்சிட்டா டென்ஷன் இல்லைல்ல? நாம எல்லாம் பாவு சாப்பிடலாம்."

அலமாரியில் பொட்டு இல்லாத பழைய தட்டு ஒன்று கிடந்தது. எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன்.

"பாவு வேணும்னா இந்தா, ஒனக்குத் தனித்தட்டு" என்றேன்.

அவள் தட்டையும் சகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாவுப் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் எல்லாரும் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மைனி பிஸ்மி சொல்லிச் சகனில் முதல் கையை வைத்தாள்.