தலைப்புக்கு வரைந்த எழுத்து

எழுத்துரு வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் அவளை 'மெல்லிசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வரையும் கோடு அவ்வளவு மெலிசு. இரண்டு வருடம் கண் பூத்துப்போக அவள் உருவாக்கிய எழுத்துருவில் நெட்டுக்கோடுகள் கனத்து நின்றன; குறுக்குக்கோடுகள் தலைமுடி போல் இழைந்தன; முனைகளில் நறுக்கென்று ஒரு சின்னப் பாதம். பத்திரிகை அட்டை, வாசனைத் திரவியப் பெட்டி என்று பெரிதாகப் போட்டால் ராஜகளைதான்.

முதலாளியிடம் ஒப்படைத்தபோதே சொன்னாள்: "சார், இது தலைப்புக்கு மட்டும்தான். சின்னதாப் போட்டா மெல்லிசுக் கோடெல்லாம் காணாமப் போயிடும்."

"சரிம்மா, சரி," என்றார் அவர். காதில் வாங்கவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா குழந்தைக்குக் காய்ச்சல். அக்கா புட்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் குழந்தை துவண்டு, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"மணிக்கொரு தடவை கொடுக்கச் சொல்லி யாரும்மா சொன்னது?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

"இதுலதான் போட்டிருக்கு டாக்டர்," என்று அக்கா புட்டியை நீட்டினாள்.

மெல்லிசு அதைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய எழுத்தேதான். '4 மணி நேரத்துக்கு ஒருமுறை' என்பதில் நான்கின் சாய்கோடும் குறுக்குக்கோடும் அச்சில் கரைந்துபோய், தடித்த நெட்டுக்கோடு மட்டும் '1' போல நின்றது.

குழந்தை கண் விழித்துப் பால் குடித்த பிறகுதான் அவள் முதலாளி அறைக்குப் போனாள்.

"அதான் நல்லாயிடுச்சே, இன்னும் என்னம்மா? மருந்துக் கம்பெனிக்காரன் அழகா வேணும்னான், கொடுத்தோம்."

"படிக்க முடியாதது என்ன சார் அழகு? தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"குரலைத் தாழ்த்து. இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்," என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அக்காவை அழைத்துக்கொண்டு நேராக மருந்துக் கம்பெனிக்குப் போனாள். மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "உங்க அக்கா கவனமாப் படிச்சிருக்கணும்," என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் மெல்லிசுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. அவர் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து, அதே மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நீங்க கவனமாப் படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "ஒரு மணி நேரத்துக்கு..." புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தார்.

கடைகளிலிருந்து புட்டிகள் திரும்பி வந்தன. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இப்போது அவள் வேறிடத்தில் வேலை பார்க்கிறாள். எந்த எழுத்தை வரைந்தாலும், சின்ன அளவுக்கென்று கோடு தடித்த ஒரு வடிவத்தையும் சேர்த்தே கொடுக்கிறாள். ஆனால் அக்காவோ இன்றைக்கும் தன் கண்ணை நம்பிக் குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து கொடுப்பதில்லை. "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுடி," என்று புட்டியோடு வந்து நிற்பாள். படித்துச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மெல்லிசுக்கு அந்த முதலாளியின் 'சரிம்மா, சரி' ஞாபகம் வரும்; பல்லைக் கடிப்பாள்.